பீட்ரூட் என்று நினைத்த சிவப்பு

முதல் தடவை அது தெரிந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். வெட்கமாக இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

செப்டம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. மழை விட்டபாடில்லை. ரங்கூனில், பசுந்தாங் பகுதியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. கக்கூஸுக்கு ஜன்னல் கிடையாது, கரண்ட் இருந்தால்தான் உள்ளே வெளிச்சம். அதிசயமாக அன்று கரண்ட் இருந்தது. என் வீட்டுக்காரர் சேவியர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"ரோஸ், இங்க வந்து பாரேன். சூப்பு வேலையக் காட்டிருச்சு."

"அதையெல்லாம் வந்து வேற பாக்கணுமா? தண்ணிய ஊத்திட்டு வாங்க. யாரு மூணு தட்டு குடிக்கச் சொன்னது?"

அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். நான் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அந்தச் சிவப்பு என்னவென்று எங்களுக்குத் தெரிய ஏழு மாதம் ஆனது. இதை எழுதுவது அந்த ஏழு மாதத்துக்காகத்தான். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்காக.

சேவியர் கப்பல் சமையல்காரர். பதினோரு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்துவிட்டு 2001-ல் வீட்டோடு வந்துவிட்டார். அவர் இருந்த கப்பலில் கீழ்வேலைக்காரர்கள் பர்மியர்கள், மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் உக்ரைன்காரர்கள். சோறும் கறியும் தின்று அலுத்துப்போன ஒரு எஞ்சினியர், மிகோலா என்று பெயர், ஒருநாள் சமையல்கட்டுக்குள் வந்து நின்று 'போர்ஷ்' என்ற பீட்ரூட் சூப்பைச் சொல்லிக்கொடுத்தாராம். அது அவர்கள் நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் வைக்கிற சாப்பாடு. சேவியர் கப்பலை விட்டு வந்தபோது பெட்டியில் பெரிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. இந்தச் சூப்பைக் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் முன்பே கரி அடுப்பில் மாட்டெலும்பை ஏற்றிவிடுவார். நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. அதனால் நான் ஏழு மணிப் பூசைக்கும் அவரும் மகளும் ஒன்பது மணிப் பூசைக்கும் போவோம். ஒரு சூப்புக்காகக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து கோயிலுக்குப் போன கூத்து ரங்கூனில் எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும்.

கலோ பக்கத்து மலையிலிருந்து வருகிற பீட்ரூட்டைத்தான் வாங்குவார். துருவி, எண்ணெயில் தனியாக வதக்கி, தக்காளியும் கொஞ்சம் வினிகரும் விட்டு மூடி வைப்பார். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் எலும்புத் தண்ணீரில் வெந்த பிறகு, கடைசியில்தான் பீட்ரூட் உள்ளே போகும். முன்னாலேயே போட்டால் நிறம் செத்துப்போகுமாம். நசுக்கிய பூண்டும் சதகுப்பைத் தழையும் தூவி மூடினால் ஒரு மணி நேரம் யாரும் மூடியைத் தொடக் கூடாது. தொட்டால் கப்பலில் இருபது பேரை அதட்டிய குரல் வரும். புளித்த பாலாடைக்குப் பதில் நம்ம தயிரை ஒரு கரண்டி மேலே வைத்துக் கொடுப்பார்.

எனக்கு முதலில் அது பிடிக்கவே இல்லை. ரசமும் இல்லை, குழம்பும் இல்லை, அதில் தயிர் வேறு. மகள் ஸ்டெல்லா அதைச் சோற்றில் ஊற்றி, காரமான பாலச்சோங்கை (காய்ந்த இறால் பொரியல்) தொட்டுக்கொண்டு தின்பாள். அதைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொள்வார். அப்புறம் அப்புறம் எனக்கும் நாக்கு பழகிவிட்டது. இந்தச் சூப்புக்கு மறுநாள்தான் ருசி என்பதால் ஞாயிறு வைத்த பானை செவ்வாய் வரை ஓடும்.

கப்பலில் ஒரு கதை உண்டு. புதிதாக வந்த ஒரு பர்மாக்காரப் பையன் முதல்நாள் அந்தச் சூப்பைக் குடித்துவிட்டு, மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து, சாகப்போகிறேன் என்று கேப்டன் அறைக் கதவைத் தட்டினானாம். பீட்ரூட் சிலருக்கு அப்படி நிறத்தை இறக்கிவிடும். எல்லாருக்கும் வராது, எனக்கு ஒருதடவைகூட வந்ததில்லை. அவருக்கு எப்போதாவது வெளிர் ரோஸ் நிறமாக வருமாம். இந்தக் கதையை வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டில் சிவப்புச் சிறுநீர் என்றாலே சிரிப்பு என்று ஆகிவிட்டது. அந்தச் சிரிப்புதான் எங்களைக் கெடுத்தது.

செப்டம்பரில் இரண்டு நாள் வந்து நின்றுவிட்டது. அக்டோபரில் ஒன்றுமில்லை. நவம்பரில் மறுபடி வந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. மனுஷன் நன்றாகத்தான் போட்டாதாங் வரை நடந்து போய் பழைய கப்பல் சிநேகிதர்களோடு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெமச்சூரியா (சிறுநீரில் இரத்தம் கலந்து வருவது) இப்படித்தான் வரும், போகும். நின்றுவிட்டது என்பதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வலியில்லாமல் வருவதுதான் ஆபத்தானது என்று டாக்டர் பின்னால் சொன்னார். பீட்ரூட்டா இரத்தமா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சோதித்தால்தான் தெரியும்.

தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த நாற்பது நாளும் மாமிசம் கிடையாது, என் மாமியார் காலத்திலிருந்து அப்படி. எலும்பு இல்லாமல் என்ன சூப்பு? பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சாம்பல் புதன் கழித்து இரண்டாவது நாளே அவர் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ரோஸ், எலும்பு போடாமலும் வைக்கலாம். மிகோலா ஊர்லயும் தவக்காலம் இருக்கு. அவங்க பீன்ஸ் போட்டு வைப்பாங்களாம்."

"நீங்க என்னைக்குத் தவக்காலத்த மதிச்சீங்க? போன வருஷம் டீக்கடையில ஒளிஞ்சு கறிச் சமோசா தின்ன ஆளு."

"இந்த வருஷம் ஒழுங்கா இருக்கலாம்னு பாக்குறேன்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஐம்பத்தாறு வயதில் மனுஷனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். கோயிலில் இரண்டு மூன்று பேரிடம் பெருமையாகச் சொன்னேன். வாரத்துக்கு இரண்டு தடவை, பீன்ஸும் காளானும் போட்டு, நானே நின்று வைத்துக் கொடுத்தேன். துருவித் துருவி என் விரலெல்லாம் சிவந்து கிடந்தது. அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குச் சிறுநீர் போகவில்லை. முந்தின இரவே நின்றுவிட்டதாம், சொல்லவில்லை. பத்து மணிக்கு அடிவயிறு கல்லாக இருந்தது. சத்தம் போடாத மனுஷன் சுவரில் தலையை முட்டினார். ஸ்டெல்லா கீழே ஓடி டாக்ஸி பிடித்தாள். மூன்று மாடி இறங்க எங்களுக்கு இருபது நிமிஷம் ஆனது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தள்ளுவண்டியில் படுத்திருந்தார். டாக்டர் இளவயசுக்காரர், பர்மியர். அவர் சேவியரைப் பார்த்துத்தான் கேட்டார், எத்தனை நாளாக நிறம் மாறியிருக்கிறது என்று. நான் முந்திக்கொண்டு, 'சயா' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, பர்மியத்தில் பதில் சொன்னேன்.

"சயா, அது பீட்ரூட். நாங்க வீட்டுல ஒரு சூப்பு வைப்போம்."

குழாய் போட்டு, உப்புநீர் விட்டு விட்டுக் கழுவினார்கள். க்ளாட் (உறைந்த இரத்தக் கட்டி) அடைத்ததால்தான் சிறுநீர் நின்றிருக்கிறது. கழுவி எடுத்ததைப் பிடித்த கண்ணாடிச் சாடியை டாக்டர் தூக்கி என்னிடம் காட்டினார்.

"டோ ரோஸ், பீட்ரூட் இப்படிக் கட்டி கட்டியாக வராது."

பர்மியர் வழக்கப்படி பெயருக்கு முன்னால் 'டோ' என்று மரியாதை சேர்த்து, தன்மையாகத்தான் சொன்னார். அதன் பிறகு நான் அந்தச் சூப்பைப் பற்றி அங்கே வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்ப்பைக்குள் விளக்குக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். பயாப்ஸிக்கு (சதைத் துணுக்கை வெட்டியெடுத்துச் சோதிப்பது) அனுப்பினார்கள். புற்றுநோய். சிறுநீர்ப்பையின் உள்தோலோடு நிற்காமல் தசைச்சுவர் வரை இறங்கிவிட்டது. பையையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். சின்ன வயதிலிருந்து சுருட்டும் சிகரெட்டும் குடித்தவரா என்று கேட்டார். ஆமாம் என்றோம். தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் திஞ்சான், தண்ணீர்த் திருவிழா. ஊரே மூடிவிடும். ஆபரேஷனைத் திருவிழா கழித்து வைத்தார்கள். வார்டில் பாதிக் கட்டில் காலி. நான் டிபன் கேரியரோடு தெருவில் இறங்கினால் வாளி வாளியாகத் தண்ணீர் விழும். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கெஞ்சினாலும், வாழ்த்திக்கொண்டே தோளில் ஊற்றுவார்கள். நனைந்த லுங்கியோடு (இங்கே பெண்களுக்கும் லுங்கிதான்) நான் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் அவர் அதைச் சொன்னார்.

"ரோஸ், தவக்காலத்துல சூப்பு கேட்டேன்ல. அது நோன்புக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"நவம்பர்லயே தெரியும் எனக்கு. சூப்பு குடிக்காத நாள்லயும் வந்துச்சு. மண்புழு மாதிரி கட்டியும் வந்துச்சு. சூப்பு குடிச்சிருந்தா, அதனாலதான்னு நெனச்சுக்கலாம் பாரு. அன்னைக்கு ஒருநாள் நிம்மதியா இருக்கலாம். அதுக்குத்தான் கேட்டேன்."

"அடப் பாவி மனுஷா!"

எனக்குக் கண் மண் தெரியவில்லை. தமிழில்தான் கத்தினேன், ஆனால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் கையால் துருவி, என் கையால் வதக்கி, உங்கள் பொய்க்கு நான் சமைத்துப் போட்டேனா என்று கேட்டேன். சாவு வருகிறது என்று தெரிந்தும் பீன்ஸ் போடு காளான் போடு என்று கேட்டீர்களே என்றேன். நர்ஸ் ஓடிவந்தாள். "பயமா இருந்துச்சு ரோஸ்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் எழுந்து வெளியே போய், மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் உள்ளே போகவில்லை. அந்த ஒரு மணி நேரம் அவரைத் தனியாக விட்டதற்காக இன்றைக்கும் என்னை மன்னிக்க முடியவில்லை.

ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை, ஸ்டெல்லாவிடம்கூட.

ஜனவரியில் ஒருநாள் அவர் லுங்கியைத் துவைக்க எடுத்தேன். முன்பக்கம் ஒரு கறை. பீட்ரூட் கறை எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கில் துண்டிலும் பலகையிலும் தேய்த்தவள். அது ஊதா கலந்த சிவப்பாக இருக்கும், சோப்புப் பட்டால் ஓடும். இது பழுப்பு, ஓரம் மட்டும் கருத்து, காய்ந்து மொடமொடவென்று இருந்தது. இரத்தக் கறையைத் தெரியாத பொம்பளை உண்டா? அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். இரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது, கறை பிடித்துக்கொள்ளும். என் கைக்குத் தெரிந்திருந்தது. துவைத்துக் காயப் போட்டுவிட்டு, சாயங்காலம் அவரிடம் கொசுவலையில் ஓட்டை விழுந்ததைப் பற்றிப் பேசினேன்.

அவருக்கு நவம்பரில் தெரியும். எனக்கு ஜனவரியில் தெரியும். ஒரே பாயில் படுத்தோம். தவக்காலத்தில் அவர் சூப்பு கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி, எனக்கும் ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம்தான். அவர் தைரியமாகச் சொல்லிவிட்டார். நான் அவரைத் திட்டிவிட்டு, என்னுடையதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

ஆபரேஷனுக்கு இரத்தம் கொடுக்க ஆள் நாமே தேட வேண்டும். ஸ்டெல்லா தன் ஆபீஸிலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்தாள். ஆபரேஷன் எட்டு மணி நேரம் நடந்தது. சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி, அதன் வாயை வயிற்றின் வலப்பக்கம் வெளியே வைத்துத் தைத்திருந்தார்கள். ஸ்டோமா (வயிற்றில் வைத்த செயற்கை வாய்) என்று பெயர். அதன்மேல் ஒரு பையை ஒட்ட வேண்டும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக அதில் வடிந்துகொண்டே இருக்கும். அடக்குவது, விடுவது என்பதெல்லாம் அதோடு முடிந்தது.

அந்தப் பை ரங்கூனில் லேசில் கிடைக்காது. கிடைத்த ஒன்றைக் கழுவிக் கழுவி, நாள் தாண்டியும் வைத்துக்கொண்டோம். ஓரம் விட்டுப்போய் ஒழுகும். தோல் வெந்து புண்ணாகும். ஆரம்பத்தில் அவர் அதைப் பார்க்கவே மாட்டார், நான் மாற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். உங்களுக்கு இதைச் செய்ய நேர்ந்தால் ஒன்று சொல்கிறேன்: காலையில் எழுந்தவுடன், தண்ணீர் குடிக்கும் முன்பே பையை மாற்றுங்கள். அப்போதுதான் வடிவது குறைவாக இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, மூன்று மாதம் துணி நனைந்த பிறகு நானே கண்டுபிடித்தேன்.

பீட்ரூட்டை டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. நான்தான் வீட்டுக்குள் விடவில்லை. பையில் தெரிகிற நிறத்தில் எனக்குச் சந்தேகமே வரக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை பையைக் காலி செய்வேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அவர் கிண்டல் பண்ணுவார், "என்னடி, தங்கம் உரசிப் பாக்குற மாதிரி பாக்குற" என்று. ஒரு வருஷம் அவர் டீக்கடைக்குப் போனார், கோயிலுக்குப் போனார், மீன் வாங்கி வந்து என்னிடம் திட்டு வாங்கினார். நல்ல வருஷம்தான் அது. நான்தான் அதைப் பையைப் பார்த்தே கழித்துவிட்டேன்.

நிறம் கடைசிவரை தெளிவாகத்தான் இருந்தது. நோய் வேறு பக்கம் போய்விட்டது. முதலில் இடுப்பெலும்பில் வலி, பிறகு இருமல். மெட்டாஸ்டாஸிஸ் (புற்றுநோய் வேறு உறுப்புகளுக்குப் பரவுதல்) என்றார் டாக்டர், நுரையீரலிலும் இருந்தது.

கடைசி மாதத்தில் ஒருநாள், சூப்பு வைக்கவா என்று நானே கேட்டேன். சரி என்றார். பஜாருக்குப் போய் பீட்ரூட் வாங்கி வந்தேன். எலும்பிலிருந்து எல்லாம் முறைப்படி செய்தேன். அவர் கட்டிலில் இருந்தபடி உத்தரவு போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. தட்டைப் பக்கத்தில் கொண்டுபோனபோது மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போ ரோஸ். வாசனையே ஆகல."

அவ்வளவுதான். முழுப் பானையையும் கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன செய்தார்களோ தெரியாது. டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, விடிந்து ஸ்டெல்லா கஞ்சி எடுத்து வந்தபோது அவர் உயிரோடு இல்லை. "பேபே, பேபே" என்று அவள் சின்னப் பிள்ளையில் அப்பாவைக் கூப்பிட்ட மாதிரி பர்மியத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கடவுள் சித்தம் என்று சொல்ல வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். எனக்கு வேண்டியது அது இல்லை. நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் தனியாக அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன்.

"சயா, செப்டம்பரிலேயே கூட்டி வந்திருந்தால்?"

"டோ ரோஸ், இப்போது அதைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள்?"

"எனக்குத் தெரியணும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்போது மேல்தோலோடு இருந்திருக்கலாம். சுரண்டி எடுத்திருப்போம். உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பு நிறைய இருந்திருக்கும்."

"ஜனவரியில்?"

"ஏன் ஜனவரி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. "அப்போதும் கொஞ்சம் இருந்திருக்கும்," என்றார்.

பொய் சொல்லாமல் சொன்னதற்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அழுகை அப்போது வரவில்லை.

அதற்குப் பிறகு என் உடம்பு என்னுடையது மாதிரி இல்லை. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றும் முன் குனிந்து பார்க்கிறேன். கரண்ட் இல்லாவிட்டால் டார்ச் எடுத்துப் போகிறேன். ஸ்டெல்லா இதைப் பைத்தியம் என்கிறாள். அவள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம்.

போன வருஷம் ஒரு காலையில் பார்த்தபோது லேசாகச் சிவந்திருந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அணைத்தேன். தலையைக்கூட வாராமல் படியிறங்கி பஸ் ஏறினேன். சோதித்துப் பார்த்துவிட்டு, சிறுநீர்த் தொற்று என்றார்கள். ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். வேறு ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்றார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்கு அழுகை வந்தது. கண்டக்டர் பயந்துபோய் என்ன ஆச்சு அமே (அம்மா) என்று கேட்டான். அவனிடம் என்ன சொல்வது? எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம்தான் ஆகிறது.